கவுன்சிலர் வேட்பாளரிடம் எழுதி வாங்குங்கள்: வடசென்னை வார்டுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் சமீபத்தில் வீடு கட்டியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். செங்கல், கம்பி, சிமெண்ட், கூலி என்று வரிசையாகக் கணக்குச் சொல்லிவிட்டுக் கடைசியில் "அப்புறம் மத்த செலவு" என்பார். அந்த மத்த செலவுக்கு ரசீது இருக்காது. ஜல்லி இறங்கிய அன்றே பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றிருப்பார்கள். யாருடைய ஆட்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

கவுன்சிலர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் அந்த இரண்டு பேரைப் பிடிக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. இங்கே நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய வேலை: உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, ஜெயித்த பிறகு அவரைச் சொன்ன சொல்லில் எப்படி நிறுத்துவது. "நல்லவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்ற அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கணக்கு தெருவுக்கு வரும் என்று தெரிந்தால் சுமாரான ஆள்கூட ஒழுங்காக நடந்துகொள்வார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தால் நல்ல ஆளும் ஓரிரு வருஷத்தில் மாறிவிடுவார்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். ஐந்து வருஷம் முழுசாக வாங்கினாலும் 6 லட்சம்தான். 2022 தேர்தலில் சென்னை வார்டு வேட்பாளருக்கு இருந்த செலவு உச்சவரம்பு 90,000 ரூபாய். அந்தத் தேர்தலில் ஓடிய வேன்களையும் விநியோகமான பிரியாணிப் பொட்டலங்களையும் பார்த்தவர்களிடம் இந்த 90,000 என்ற எண்ணைச் சொன்னால் போதும், அவர்கள் முகமே பதில் சொல்லிவிடும். போட்ட பணம் எங்கேயிருந்தாவது திரும்பி வந்தாக வேண்டும். அது எந்தெந்த வழியில் வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த வழிகளில் வெளிச்சம் போடச் சொல்வதுதான் நமது கோரிக்கை.

இந்த ஊருக்கு ஒரு பழைய பாடமும் இருக்கிறது. 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் கூலி எடுத்த விவகாரம் அது. மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். 23 வருஷம் தனி அதிகாரிகளே நடத்தினார்கள். 2016க்குப் பிறகும் நீதிமன்ற வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போய் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் இருந்தோம். அந்தக் காலங்களில் மாமூல் நின்றுபோனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் மிச்சம். அதனால் "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு" என்ற கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

எப்போது தொடங்குவது?

தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருந்தால் கதை முடிந்தது. 2022இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 26 அன்று அறிவிப்பு. பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல், 7ஆம் தேதி வாபஸ், 19ஆம் தேதி வாக்குப்பதிவு. அதாவது இறுதி வேட்பாளர் பட்டியல் கைக்கு வந்த பிறகு 12 நாள்தான். அதில் பிரச்சாரம் ஓய்ந்த கடைசி நேரத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. அப்போது கூடி உட்கார்ந்து கோரிக்கை எழுத ஆரம்பித்தால், எழுதி முடிப்பதற்குள் விரலில் மை வைத்துவிடுவார்கள்.

இப்போதைய மன்றம் பதவியேற்றது 2022 மார்ச்சில். ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. எந்தத் தேர்தலாக இருந்தாலும் ஆறேழு மாதம் முன்னால் காகித வேலை தொடங்கிவிட வேண்டும். சீட்டுக்கு அலைகிறவர்கள் யார் யார் என்று தெருவுக்கே தெரியும். கட்சி பெயரை அறிவிப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசுவது சுலபம். அந்த நேரத்தில் அவர்களுக்கு நீங்கள் தேவை.

ஒரே ஒரு தெருவின் கணக்கை எடுங்கள்

இதைத்தான் இந்த வழிகாட்டியின் முக்கியமான கட்டம் என்பேன். "வார்டில் ஊழல்" என்று பேசினால் யாருக்கும் உறைக்காது. "நம்ம தெரு ரோடு" என்றால் டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் ரோடு போட்ட, அல்லது மழைநீர் வடிகால் கட்டிய ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆன்லைனிலும் போடலாம். 2022 தேர்தலின்போது வடசென்னைக்குள் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 1 முதல் 6 வரையான மண்டலங்கள் வந்தன. உங்கள் வார்டு எதில் என்று பார்த்து அனுப்புங்கள்.

மனுவில் "ஏன் ரோடு மோசமாக இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்:

இந்தத் தெருவில் நடந்த பணியின் எஸ்டிமேட் நகல். பணி ஆணையின் நகல். எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்கள். தரப் பரிசோதனை அறிக்கை. ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில். பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் எப்போது முடிகிறது என்ற விவரம்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆறேழு மாதம் முன்னால் தொடங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எம்-புக் கைக்கு வந்ததும் ஒரு டேப் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்குங்கள். அதில் நீளம், அகலம், கனம் மூன்றும் மீட்டரில் இருக்கும். புத்தகத்தில் அகலம் 6 மீட்டர் என்று எழுதியிருக்கிறது, ஆனால் வாசற்படியிலிருந்து எதிர் வாசற்படி வரைக்குமே 4.5 மீட்டர்தான் வருகிறது என்றால், யாரும் மேடை போட்டுப் பேச வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுப்பதற்கு எஸ்டிமேட்டில் தொகை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பணம் எடுத்துவிட்டுச் சுரண்டாமலே மேலே போட்டால் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மழைக்காலத்தில் படியேறி வரும் தண்ணீருக்கு இதுவும் ஒரு காரணம். பணி நடந்த இடத்தைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு.

டேப் பிடிக்கும்போது தெருப் பையன்கள் கூட இருக்கட்டும், செல்போனில் படம் எடுக்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். "இந்தத் தெருவுல கணக்கு சரியா இருக்கு" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், பின்னால் தப்பு என்று சொல்லும்போது நம்புவார்கள்.

ஒரு எச்சரிக்கை. மனு போடுபவரின் பெயரும் முகவரியும் வெளியே கசிந்து, மறுநாளே வீட்டுக்கு ஆள் வந்த கதைகள் நிறைய உண்டு. அதே தெருவில் கடை வைத்திருப்பவரோ, வீடு கட்டிக்கொண்டிருப்பவரோ மனு போட வேண்டாம். வேறு மண்டலத்தில் இருக்கும் நண்பரோ வழக்கறிஞரோ போடட்டும். எந்த இந்தியக் குடிமகனும் எந்த ஊர்த் தகவலையும் கேட்கலாம்.

யார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கவுன்சிலரிடம் கேட்கக் கூடாததைக் கேட்டால், "அது என் கையில இல்லையே" என்று அழகாக நழுவிவிடுவார். குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர். கரண்ட் மின்வாரியம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பூச்சு உதிர்ந்தால் பழைய குடிசை மாற்று வாரியம். உள்தெரு ரோடு, தெருவிளக்கு, குப்பை, வடிகால், பூங்கா, சொத்து வரி, தொழில் உரிமம் ஆகியவை மாநகராட்சி. இன்னொன்று, மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு இருப்பது ஒரே ஓட்டு, அது வார்டு கவுன்சிலருக்கு.

உறுதிமொழித் தாள்

"ஊழலற்ற நிர்வாகம் தருவேன்" என்று எழுதினால் எல்லாக் கட்சி வேட்பாளரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். கவுன்சிலர் தனியாகவே, மன்றத் தீர்மானமோ அரசாணையோ இல்லாமல் செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள். ஐந்து வரி போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

1. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் மாதம் எனது சொத்துக் கணக்கையும், என்னைச் சார்ந்திருக்கும் குடும்பத்தாரின் சொத்துக் கணக்கையும் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டுவேன்.

2. என் வார்டு மேம்பாட்டு நிதியில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும், வேலை தொடங்கும் முன்பே அந்தத் தெருவில் பலகை வைக்கச் செய்வேன். தொகை, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி, பழுது பார்க்கும் பொறுப்புக் காலம் அதில் இருக்கும்.

3. என் உறவினரோ தொழில் கூட்டாளியோ மாநகராட்சி ஒப்பந்தத்தில் இருந்தால் எழுத்தில் தெரிவிப்பேன். அது பற்றிய விவாதத்தில் உட்கார மாட்டேன்.

4. வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக் கூட்டத்தை ஏழு நாள் முன்னறிவிப்புடன் நடத்துவேன். நானே தலைமை தாங்குவேன். என் குடும்பத்தார் யாரும் எனக்குப் பதிலாக அமரவோ அதிகாரிகளுக்கு உத்தரவிடவோ மாட்டார்கள்.

5. கட்டட வேலை, கழிவுநீர் இணைப்பு, தள்ளுவண்டிக் கடை எதற்காகவும் என் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டதாகப் புகார் வந்தால், நானே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுப்பேன்.

முதல் மூன்றுக்கும் பெரிய எதிர்ப்பு வராது. மாநகராட்சி ஒப்பந்தத்தில் கவுன்சிலருக்கே பங்கு இருப்பது சட்டப்படியும் தகுதியிழப்புக்குரியது. நான்காவதுதான் பல வீடுகளில் சண்டை மூட்டும். சென்னையில் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஆனால் "கவுன்சிலர் வராரு" என்று சொல்லி வந்து நிற்பது பல இடங்களில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர். ஐந்தாவது வரி, கட்டுரையின் தொடக்கத்தில் வந்த பைக் ஆட்களுக்காக. அதை மட்டும் நீக்கித் தரச் சொல்லிக் கேட்பவர் யார் என்று நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மன்றக் கூட்ட அஜெண்டாவைத் தமிழில் முன்கூட்டியே வெளியிடுவது, ரிப்பன் மாளிகைக் கூட்டத்தை நேரலையில் காட்டுவது, எந்தக் கவுன்சிலர் எதற்கு ஆதரவு என்று பதிவு செய்வது ஆகியவை மன்றம் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவை. அவற்றைத் தனித் தாளில் எழுதிக் கட்சிகளின் மாவட்ட அலுவலகங்களுக்குக் கொடுங்கள். ஐந்து வரியோடு சேர்த்தால் தாள் நீண்டுவிடும்.

ஆள் சேர்ப்பது

புதிதாக ஒரு அமைப்புக்குப் பெயர் வைத்து, லோகோ போட்டு, வாட்ஸ்அப் குழு தொடங்குவதில் ஒரு மாதம் போய்விடும். வடசென்னையில் ஏற்கெனவே கூடுகிற இடங்களுக்குப் போங்கள். வியாசர்பாடியில் கால்பந்து கிளப், காசிமேட்டில் மீனவர் பஞ்சாயத்து, எம்.சி. ரோட்டில் வியாபாரிகள் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, ஜமாஅத், சர்ச் இளைஞர் குழு, ஆடி மாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோயில் கமிட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக மகளிர் சுயஉதவிக் குழு. மாதாமாதம் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அவர்கள்தான். எம்-புக்கைப் பார்த்து மிரள மாட்டார்கள்.

எத்தனை பேர் வேண்டும்? 2022இல் சென்னை வாக்காளர்கள் சுமார் 61 லட்சம், வார்டுகள் 200. சராசரியாக வார்டுக்கு 30,000 பேர். ஓட்டுப் போட்டவர்கள் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் வார்டுக்குச் சுமார் 13,000 ஓட்டு. அதையும் பல வேட்பாளர்கள் பங்கு போடுகிறார்கள். 500 குடும்பம் கையெழுத்திட்ட ஒரு தாளை எந்த வேட்பாளரும் அலட்சியமாக மடித்துப் பையில் வைத்துவிட முடியாது.

கட்சிக்காரர்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். சேர்க்காமல் வடசென்னையில் பத்துப் பேரைக்கூடத் திரட்ட முடியாது. ஒரே கட்சியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாளை எடுத்துக்கொண்டு போகும்போது மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

வேட்புமனுவைப் படிப்பது

ஒவ்வொரு வேட்பாளரும் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி பற்றி உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மனுத்தாக்கல் முடிந்த கையோடு வாங்கிப் படியுங்கள். ஏற்கெனவே கவுன்சிலராக இருப்பவர் மறுபடி நின்றால், 2022 பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை சென்ட் நிலம் கூடியிருக்கிறது, எந்த வண்டி புதிது, மனைவி அல்லது கணவர் பெயரில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டுவிடலாம்.

சொத்து கூடியதே குற்றம் ஆகாது; பரம்பரைச் சொத்து வந்திருக்கலாம், வியாபாரம் நடந்திருக்கலாம். பத்திரத்தில் இருப்பதை அப்படியே போட்டு, "விளக்கம் தருவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். "கொள்ளையடித்தார்" என்று ஒரு சொல் சேர்த்தால் அவதூறு வழக்கு வரும், பேச்சு முழுக்க அந்த வழக்கைப் பற்றியதாகிவிடும். நோட்டீஸ் அடித்தால் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டாதீர்கள், கையில் கொடுங்கள்.

வேட்பாளர் சந்திப்பு

பெரிய மேடை வேண்டாம். போலீஸ் அனுமதி, மைக் அனுமதி என்று அலைய வேண்டியிருக்கும். மண்டபத்திலோ, சங்கக் கட்டடத்திலோ, மாடியிலோ எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாதிரிக் கடிதம் கொடுத்து அழையுங்கள். சுயேச்சைகளை விட்டுவிடாதீர்கள். வராதவருக்கு நாற்காலியில் பெயர் எழுதி வையுங்கள். யாருக்கும் சால்வை, மாலை கிடையாது. ஐந்து வரியையும் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் "சம்மதம்" அல்லது "இல்லை". உரை நிகழ்த்த இரண்டு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "தலைமைகிட்ட கேட்டுட்டு சொல்றேன்மா" என்பார் ஒருவர். தெருவில் பலகை, சொந்தச் சொத்துக் கணக்கு இதற்கெல்லாம் எந்தத் தலைமையும் தடை போடாது என்று அங்கேயே சொல்லிவிடலாம். சுயஉதவிக் குழு அக்கா யாராவது எழுந்து, "தம்பி, உங்க அம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். நாலாவது வரியில உனக்கு என்னப்பா பிரச்சினை?" என்று கேட்டால், எந்தத் தொலைக்காட்சி விவாதமும் அதற்கு ஈடாகாது. "ஜெயிச்சதும் போட்டுத் தரேன்" என்பவரின் பெயருக்கு நேராக "இல்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வாங்கிய தாளின் நகலைப் படமெடுத்து அன்றிரவே தெருக் குழுக்களில் போட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போடாதவரைத் திட்டாதீர்கள். அட்டவணையில் கட்டம் காலியாக இருந்தால் போதும்.

பணப் பட்டுவாடா

வடசென்னைக்கு இதில் தனி வரலாறு உண்டு. பணப் பட்டுவாடா காரணமாக 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள். டிசம்பரில் மறுபடி நடந்தபோது, பிறகு பணம் தருவதற்கு அடையாளமாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 20 ரூபாய் நோட்டு டோக்கன் ஊர்ப்பேச்சானது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவில் குற்றம். ஆனால் வாங்கினவரை அவமானப்படுத்துகிற பிரச்சாரம் எடுபடாது. கொருக்குப்பேட்டையில் தினக்கூலிக்குப் போகும் குடும்பத்திடம் போய் நீதி சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர்களிடம் எம்-புக்கைக் காட்டுங்கள். "இந்தத் தெருவுக்கு எடுத்த தொகை இவ்வளவு, உங்க கைக்கு வந்தது இவ்வளவு" என்று வகுத்துக் காட்டினால் கணக்கு அவர்களுக்கே புரியும். பட்டுவாடாவை நேரில் பார்த்தால் இடம், நேரம், வண்டி எண்ணுடன் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போய் மறிக்காதீர்கள்.

முடிவு வந்த பிறகு

வேட்பாளர் தேர்தல் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் மூன்று வருஷம் போட்டியிடத் தகுதி போகும். அந்தக் கணக்கின் நகலை வாங்கி வையுங்கள்.

பிறகு பகுதி சபை. 2022 விதிகளின்படி சென்னையில் ஒவ்வொரு வார்டும் 10 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் நியமிக்கப்படுகிறவர்கள், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் புதிய மன்றம் அமைந்த உடனே, உங்கள் குழுவிலிருந்து கட்சி சாராத இரண்டு மூன்று பெயர்களைக் கவுன்சிலரிடமும் ஆணையரிடமும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பத்துப் பெயரும் வட்டச் செயலாளர் பையிலிருந்து வந்துவிடும்.

லஞ்சம் கேட்டார்கள் என்றால் எங்கே போவது? உள்ளாட்சி நிர்வாகக் குறைகளுக்கும் முறைகேடுகளுக்கும் 2014 சட்டத்தின்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார். பலருக்கும் இந்தப் பெயரே தெரியாது. கையும் களவுமாகப் பிடிக்க லஞ்ச ஒழிப்புத் துறை. ஒரு விஷயத்தைத் தெருவில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் பாதுகாப்பு. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் சிக்கல் நம் பக்கம் திரும்பிவிடும்.

உறுதிமொழித் தாளில் உள்ள ஐந்து வரியையும் ஒவ்வொரு பகுதி சபையிலும் முதல் விஷயமாக எடுக்கச் சொல்லுங்கள். பலகை வைத்தாரா, சொத்துக் கணக்கு ஒட்டினாரா என்று வரிவரியாகக் கேட்டு, அவர் சொன்ன பதிலை அங்கேயே நோட்டில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். கூட்டக் குறிப்பை அலுவலகம் எழுதும் என்று விட்டுவிட்டால், நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் அதில் இருக்காது. நோட்டின் நகலை மறுநாள் வார்டு உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, இன்னொரு நகலில் தேதியுடன் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.